தரை டிக்கெட்காரர்களின் புத்தகம் எங்கே?

நட்சத்திரங்களைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் வந்துவிட்டது. தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் உட்கார்ந்து படம் பார்த்தவர்களைப் பற்றி?

1931 மே மாதம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அதே வருடம் அக்டோபர் 31-ஆம் தேதி, சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் 'காளிதாஸ்' திரைக்கு வந்தது. எச்.எம்.ரெட்டி இயக்கி, டி.பி.ராஜலட்சுமி நடித்த முதல் தமிழ்ப் பேசும் படம். மின்சார ரயிலுக்கும் தமிழ்ப் பேசும் படத்துக்கும் ஒரே வயது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்குத் தெற்குப் புறநகர்க்காரர்களின் பொழுதுபோக்கு இந்த இரண்டையும் நம்பித்தான் நடந்தது. மவுண்ட் ரோட்டில் படம் பார்க்கப் போகிறவர், இடைவேளையிலேயே கடைசி ரயிலுக்கு நேரம் கணக்குப் போட்டுவிடுவார்.

இந்த ரயில் எப்போது வந்தது, தண்டவாளம் எப்போது மாறியது, மீட்டர் கேஜ் எப்போது நின்றது என்பதெல்லாம் ரயில்வேயின் ஏட்டில் இருக்கிறது. கடைசி ரயிலுக்காகக் கிளைமாக்ஸை விட்டுவிட்டு ஓடியவர் எந்த ஏட்டில் இருக்கிறார்? சினிமா, நாடகம், வானொலி, மலரும் நினைவுகள் என்று தமிழில் வரும் கட்டுரைப் புத்தகங்களுக்குக் குறைவில்லை. புத்தகக் காட்சியில் இந்த வகைக்குக் கூட்டமும் குறைவதில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை திரைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைப் பற்றியவை. இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் எழுதப்படவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

ராமாவரத்தில் கேட்ட சத்தம்

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம். 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆரை சக நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். அடுத்த மாதம் சட்டமன்றத் தேர்தல். தி.மு.க. வேட்பாளராக எம்.ஜி.ஆர். நின்ற தொகுதி பரங்கிமலை. மருத்துவமனையில் கிடந்தவரால் பிரசாரத்துக்கு வர முடியவில்லை. கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் புகைப்படம்தான் சுவரொட்டியாகி ஓட்டுக் கேட்டது. ஜெயித்தார். 1971-லும் இதே தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது.

இந்த ஒரு சம்பவத்தைச் சுற்றி எத்தனை புத்தகங்கள்! சிறையிலிருந்து வெளியே வந்த ராதாவிடம் எழுத்தாளர் விந்தன் பேசிப் பேசி எழுதிய 'எம்.ஆர்.ராதாவின் சிறைச்சாலைச் சிந்தனைகள்' முதலில் சொல்லப்பட வேண்டியது. 'தினமணி கதிர்' தொடராக வந்து நூலானது. ராதாவின் நக்கல், எதற்கும் அஞ்சாத எடுத்தெறிந்த பேச்சு, நாடகக் கம்பெனி வாழ்க்கையின் அழுக்கு எல்லாம் அப்படியே காதில் விழும். தமிழில் ஒரு நடிகரைப் பற்றி வந்த புத்தகங்களில் மேடையை விட்டு இறங்கி நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது இது ஒன்றுதான் என்பது என் கட்சி.

எம்.ஜி.ஆர். தன் கதையை 'நான் ஏன் பிறந்தேன்' என்று 1970-களின் தொடக்கத்தில் 'ஆனந்த விகட'னில் எழுதினார். அது அடக்கமான எழுத்து. தன்னைப் பற்றி மக்கள் என்ன நினைக்க வேண்டும் என்று தெரிந்தவரின் எழுத்து. பிறகு 1992-இல் எம்.எஸ்.எஸ்.பாண்டியன் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு நூல் வந்தது. பூ.கொ.சரவணன் மொழிபெயர்ப்பில் தமிழில் 'பிம்பச் சிறை'. திரையில் ஏழையைக் காப்பாற்றியவருக்கு அந்த ஏழை ஏன் ஓட்டுப் போட்டான், அந்த ஓட்டால் அவனுக்கு என்ன கிடைத்தது என்று பாண்டியன் முகத்துக்கு நேரே கேட்டார். எம்.ஜி.ஆர். பக்தர்களுக்கு இந்தப் புத்தகம் இன்றைக்கும் கசக்கும். கசக்கட்டும். வரலாற்றில் துதிபாடல் போதிய அளவு சேர்ந்துவிட்டது.

சுட்டவர் சொல்லிவிட்டார், சுடப்பட்டவர் தன் கதையை எழுதிவிட்டார், ஆய்வாளரும் எழுதிவிட்டார். கழுத்துக் கட்டுப் போட்ட அந்தச் சுவரொட்டியைப் பார்த்து அழுத பரங்கிமலை, பல்லாவரம் பெண்கள் என்ன சொன்னார்கள்? தேர்தல் நாளன்று பூத்துக்குப் போகும் முன் அவர்கள் வீட்டில் என்ன பேச்சு நடந்தது? அன்றைக்கு இருபத்தைந்து வயதானவருக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். இந்தப் புத்தகத்தை எழுத இன்னும் அதிக வருடம் பாக்கி இல்லை.

தாம்பரத்தில் படித்த ஒருவர்

எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. தமிழ் வெகுமக்கள் கலையை முறையாக ஆராய்ந்து எழுதிய முன்னோடி தாம்பரத்தில்தான் படித்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு, சேலையூர்க் காட்டை ஒட்டிய வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. ஜெமினி கணேசன் இதே கல்லூரியில் படித்து, இங்கேயே ரசாயனமும் சொல்லிக்கொடுத்தவர் என்பது ஊரறிந்த செய்தி. நாம் சொல்ல வந்தது இன்னொருவரை. தாராபுரத்திலிருந்து வந்து இங்கே வரலாறு படித்த சு.தியடோர் பாஸ்கரன்.

படிப்பு முடிந்து ஆவணக் காப்பகத்தில் கொஞ்ச காலம் வேலை. பிறகு அஞ்சல் துறை. தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல்துறைத் தலைவராக ஓய்வு பெற்றார். இந்தப் பெரிய உத்தியோகத்துக்கு நடுவே அவர் 1981-இல் ஆங்கிலத்தில் எழுதி க்ரியா வெளியிட்ட முதல் நூல், நாடகமும் பாட்டும் கிராமபோன் தட்டும் சினிமாவும் சுதந்திரப் போராட்டத்தை எப்படி ஊர் ஊராகச் சுமந்துபோயின என்பதைச் சொன்னது. காங்கிரஸ் தலைவர்களில் பலர் சினிமாவைத் தொடக் கூசிய காலத்தில் சத்தியமூர்த்தி மட்டும் அதன் பலத்தைப் புரிந்துகொண்டது; கல்கி கதை எழுத, கே.சுப்பிரமணியம் எடுத்த 'தியாகபூமி' 1939-இல் வெளிவந்து அடுத்த வருடம் வெள்ளையர் அரசால் தடை செய்யப்பட்டது; இவையெல்லாம் இன்று கல்லூரிப் பையன்களுக்கும் தெரிந்த செய்திகள். தெரியவைத்ததில் பாஸ்கரனுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவருடைய இன்னொரு ஆங்கில நூல் சினிமா பற்றிய சிறந்த புத்தகத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. தமிழில் அது 'பாம்பின் கண்'. 'எம் தமிழர் செய்த படம்' நேரடியாகத் தமிழில் எழுதியது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு விஷயம் கவனிக்கலாம்: 'என்று சொல்வார்கள்' என்று முடியும் வாக்கியம் அவரிடம் அபூர்வம். யார் சொன்னார், எந்தப் பத்திரிகை, எந்த ஆண்டு என்று கைகாட்டிவிட்டுத்தான் நகர்வார்.

மற்றவர்களுக்கு அந்தப் பழக்கம் ஏன் வரவில்லை என்றால், நம்முடைய மலரும் நினைவுப் புத்தகங்கள் பெரும்பாலும் வாரப் பத்திரிகைத் தொடராகப் பிறந்தவை. பத்திரிகைக்காரனே இதைச் சொல்லலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு திடுக்கிடல், ஒரு கண்ணீர், அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கி. தொடர் முடிந்ததும் அப்படியே அட்டை போட்டுப் புத்தகமாக்கிவிடுகிறோம். ஆண்டு இருக்காது, பெயரடைவு இருக்காது, ஐந்தாம் அத்தியாயத்தில் சொன்ன சம்பவம் பதினெட்டாம் அத்தியாயத்தில் வேறு மாதிரி வரும். கண்ணதாசன் ஒரு பாட்டை எழுதிய கதைக்கு மூன்று வடிவங்கள் உலவுவதற்கும் இதுதான் வேர். வாட்ஸ்அப் வந்து அதற்குத் தண்ணீர் ஊற்றியது. இத்தனைக்கும் கண்ணதாசனே 'வனவாச'த்தில் தன் சறுக்கல்களை ஒளிக்காமல் எழுதிக் காட்டியவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள்தான் அவருக்குச் சலவை செய்கிறார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. ஜெமினி ஸ்டூடியோவில் 1952 முதல் 1966 வரை வேலை பார்த்த அசோகமித்திரன், எஸ்.எஸ்.வாசனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சின்னப் புத்தகம் அவற்றில் ஒன்று. அதன் ஒரு பகுதி பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடமாகவே இருக்கிறது. அவருடைய வேலை செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டுவது. பேப்பர் கிழிக்கிற ஆளுக்கு வேறு வேலை ஏது என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் அவர் அறைக்குள் நுழைந்து அறிவுரை சொல்லிவிட்டுப் போவார்களாம். ஸ்டூடியோவின் நட்சத்திரங்களைவிட மேக்கப் அறையின் படிநிலையும், ஆபீஸ் பையனின் புழுக்கமும்தான் அவர் கண்ணில் பட்டன. ஒருவருக்கும் மாலை போடாமல், ஒருவரையும் தூற்றாமல் ஒரு காலத்தை எழுத முடியும் என்பதற்கு அதுவே போதும்.

ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை', 'முச்சந்தி இலக்கியம்' இரண்டும் இன்னொரு வழி காட்டின. கொலைச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு என்று காலணா அரையணாவுக்குத் தெருவில் விற்ற குஜிலிப் புத்தகங்களைப் பண்டிதர்கள் தொட மாட்டார்கள். அவற்றை எடுத்து வைத்து ஒரு சமூகத்தின் சிரிப்பையும் பயத்தையும் படித்துக் காட்டினார். பிலிம் நியூஸ் ஆனந்தன் செய்தது வேறு ரகம்: கேமராவும் குறிப்பேடுமாக வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பட விவரங்களை 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்று கொடுத்துவிட்டுப் போனார். 2016-இல் அவர் மறையும்வரை தமிழ் சினிமாவில் எந்தச் சந்தேகம் என்றாலும் அவருக்குத்தான் தொலைபேசி அடிப்போம். வாமனனின் 'திரை இசை அலைகள்', பாட்டை முணுமுணுத்துவிட்டு மறந்துபோன இசையமைப்பாளர்களைத் தேடிப் பிடித்து எழுதியது.

ஆனந்தனின் தொகுப்பும் 'முச்சந்தி இலக்கிய'மும் 'எம் தமிழர் செய்த பட'மும் வந்தது ஒரே 2004-இல். கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் ரயில் நிறுத்தப்பட்டதும் அதே வருடம்தான். 'கில்லி' படம் வந்ததும் அந்த வருடம்தான். இருபது வருடம் கழித்து 2024-இல் 'கில்லி'யை மறுபடி திரையிட்டபோது தியேட்டர்கள் திருவிழாவானதைப் பார்த்தோம். பழையதற்கு இங்கே சந்தை இருக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது.

வெள்ளிக்கிழமைக் கடை

சந்தை என்றதும் பல்லாவரத்துக்கு வந்துவிட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிரங்க் ரோட்டில் கூடும் சந்தைக்கு நூறு வயதுக்கு மேல். மாட்டுச் சந்தையாக ஆரம்பித்தது. இன்றைக்குச் செடி, புறா, மீன் தொட்டி, துருப்பிடித்த மோட்டார், ஒரு காலில்லாத நாற்காலி என்று கிடைக்காத பொருள் இல்லை. மறைமலையடிகள் வாழ்ந்து பெரிய நூலகம் சேர்த்த ஊரில், சாலையோரம் சாக்கு விரித்துப் பழைய புத்தகமும் ஆடியோ கேசட்டும் இசைத்தட்டும் விற்கிறார்கள்.

இங்கே கண்ணில் பட்டால் விடக்கூடாத இரண்டு பொருள்கள் உண்டு.

ஒன்று, பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் விற்ற மெல்லிய தாள். அட்டையில் நாயகன் நாயகி. உள்ளே தயாரிப்பாளர் பெயர், நடிகர் பட்டியல், யார் ஒலிப்பதிவு, யார் ஒப்பனை. பிறகு கதைச் சுருக்கம். வில்லன் கதாநாயகியைக் கடத்திக்கொண்டு போகிற இடம் வந்ததும் சுருக்கம் நின்றுவிடும்: மீதியை வெள்ளித்திரையில் காண்க. அதன் பின் பாட்டுகள். 1930-களின் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டுக்கும் ராகமும் தாளமும் போட்டிருக்கும். பின்னட்டையில் கூந்தல் தைலமோ சோப்போ. 'காளிதாஸ்' படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றுக்கு இதே கதி. அவை ஓடின என்பதற்கு இன்று சாட்சி சொல்ல இந்தப் பாட்டுப் புத்தகமும் பத்திரிகை விளம்பரமும்தான் மிச்சம்.

இரண்டாவது, பைண்டு செய்த தொடர்கதை. விகடன், கல்கி, குமுதத்திலிருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து, காலிகோ ஒட்டி, வீட்டுக்கு வீடு கைமாறியது. லெண்டிங் லைப்ரரிகள் இதை வைத்தே பிழைத்தன. 'தில்லானா மோகனாம்பாள்' இப்படி ஒரு தொகுதியில் கிடைத்தால், கொத்தமங்கலம் சுப்புவின் கதையோடு கோபுலுவின் சித்திரமும் கிடைக்கும். பின்பக்கத்தில் அந்த வாரத்து ஜோக்கும் விளம்பரமும் இலவசம். ஒரு குறை. பைண்டர் ஓரத்தை வெட்டும்போது இதழின் தேதியும் சேர்ந்து போய்விடும். ஆராய்ச்சிக்காரர் தலையில் கை வைக்கிற இடம் அது.

பொருள் தப்பிப் பிழைப்பதும் சில நேரம் வேடிக்கையாகத்தான் நடக்கிறது. நாகர்கோவில் சுந்தர்ராஜ் 1933-இல் வெளியிட்ட 'மார்த்தாண்ட வர்மா' மௌனப் படம், சி.வி.ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவியது. உரிமை எங்களுடையது என்று நாவலின் பதிப்பாளர் வழக்குப் போட்டார். படச்சுருள் பறிமுதலாகி அந்தப் புத்தகக் கடையிலேயே முடங்கியது. 1974-இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கிப் பத்திரப்படுத்தியது. திரையில் ஓடிய தென்னிந்திய மௌனப் படங்கள் ஏறக்குறைய எல்லாம் அழிந்தன. ஓட முடியாமல் பூட்டிக் கிடந்தது பிழைத்தது.

அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம் என்பவர்களுக்குத் தரமணி இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒற்றை ஆளாகச் சேர்த்த புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள்வரை எல்லாவற்றையும் அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. தியடோர் பாஸ்கரன் ஓய்வுக்குப் பிறகு அதன் இயக்குநராகவும் இருந்தார். தாம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஆய்வு மாணவர்கள் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். வேளச்சேரிக்காரருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

எழுதப்படாத அத்தியாயங்கள்

தமிழ்நாட்டில் கூடாரம் போட்டுப் படம் காட்டிய முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வே ஊழியர். 1905-இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு கிளம்பியவர். அவர் கதை புத்தகங்களில் இருக்கிறது. அவர் தொடங்கி வைத்த டூரிங் டாக்கீஸ் புறநகரின் வெளிகளில் எங்கெங்கே நின்றது, மணலைக் குவித்து உட்கார்ந்தவர்கள் யார், ஒரே புரொஜெக்டரில் ரீல் மாற்ற எத்தனை இடைவேளை விட்டார்கள் என்பது யார் வீட்டுத் திண்ணையிலோ பேச்சாகக் கரைந்துகொண்டிருக்கிறது.

நிரந்தரத் தியேட்டர்களுக்கும் அதே கதி. தாம்பரம் வித்யா, எம்.ஆர்., குரோம்பேட்டை வெற்றி, பல்லாவரம் ஜனதா, நங்கநல்லூர் வேலன் என்று பெயரைச் சொன்னால் ஐம்பது வயதுக்காரர் ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் பேசுவார். பரங்கிமலை ஜோதி என்றால் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பேச்சுக்குத் தாவுவார். அந்தத் தாவலுக்கே ஓர் அத்தியாயம் எழுதலாம். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டருக்கு ஓட்ட ரீல் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பறந்த பையன், கார்பன் குச்சி தேயத் தேய ஒளியைச் சரிசெய்துகொண்டே படம் ஓட்டிய ஆபரேட்டர், பெண்கள் கவுன்டரில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சண்டை போட்ட அத்தை. இவர்களில் ஒருவர்கூட நம் சினிமாப் புத்தகங்களின் பெயரடைவில் இல்லை. பெயரடைவே இல்லை என்பது வேறு விஷயம்.

கேசட் கடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், மூன்று நாளில் அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று ஒரு பையன் யோசித்து எழுதிய அந்தப் பட்டியல்கள் கிடைத்தால், 1980-களின் காதல் வரலாற்றை அதை வைத்தே எழுதிவிடலாம். 1990-களில் தாம்பரத்துக்கு வந்த கிஷ்கிந்தாவும் அப்படித்தான். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னை எடுத்த நவோதயா அப்பச்சன் தொடங்கிய பூங்கா அது. சென்னைப் பள்ளிகளின் சுற்றுலா வேனெல்லாம் அங்கே போய் நின்ற காலம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி யாராவது ஒரு முழுக் கட்டுரையாவது எழுதியிருக்கிறோமா?

அக்கம்பக்கத்தில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. இலங்கை வானொலியின் பி.எச்.அப்துல் ஹமீத் 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்று தன் நினைவுகளைப் புத்தகமாக்கிவிட்டார். சிவகாசியில், 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் குடும்பத்தின் கதையை ஆசிரியர் எஸ்.விஜயன் 'சிங்கத்தின் சிறு வயதில்' என்ற பெயரில் தன் இதழ்களிலேயே எழுதினார். அச்சுத் தவறு, காகிதப் பஞ்சம், ஓடாத இதழ் எல்லாம் அதில் உண்டு. வாசகர்கள் காமிக்ஸுக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார்கள்.

மேல்நாட்டில் சைமன் ரெனால்ட்ஸ் போன்றவர்கள், இன்றைய ரசனை தன் பழைய காலத்தையே திரும்பத் திரும்ப மென்று புதியதைத் தொலைக்கிறது என்று பத்துப் பதினைந்து வருடம் முன்பே கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை நமக்கு இன்னும் பொருந்தாது. மெல்லுவதற்கு முன்னால் விளைச்சலைக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டுமே. 'அந்தக் காலம் பொற்காலம்' என்று முந்நூறு பக்கம் புலம்ப யாரும் தேவையில்லை. தரை டிக்கெட்டில் யார் உட்காரலாம், யார் உட்கார முடியவில்லை, பெண்கள் எந்தக் காட்சிக்கு அனுப்பப்பட்டார்கள், எந்தத் தெரு ஆட்கள் எந்த நடிகரின் மன்றம் வைத்தார்கள், அந்த மன்றத் தகராறு எங்கே போய் முடிந்தது என்று கசப்பையும் சேர்த்து எழுதுகிற ஒருவர் வேண்டும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பரணைச் சுத்தம் செய்யும்போது பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், சினிமா டிக்கெட், மன்ற ரசீது, பைண்டு தொகுதி எது கிடைத்தாலும் எடைக்குப் போடாதீர்கள். லேமினேட்டும் செய்யாதீர்கள், தாள் கெட்டுவிடும். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் தரமணி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் எண்பது வயதுக்காரர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை செல்போனில் ரெக்கார்டை அழுத்திவிட்டுக் கேளுங்கள்: முதல் படம் எந்தக் கொட்டகையில், டிக்கெட் எவ்வளவு, யாரோடு போனீர்கள், யாருக்குத் தெரியாமல் போனீர்கள், எப்படி வீடு திரும்பினீர்கள். பதிவின் பெயரில் ஊரும் தேதியும் போட்டு வையுங்கள். பின்னால் எழுத வருகிறவருக்கு அது போதும்.